கத்தியைக் கீழே வைக்கவும் அறிந்த மேதை
அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ (ரஹ்) அவர்களின் வாழ்வும் நமக்குள்ள படிப்பினையும்



சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கின்றது, ஒளு நிற்கவில்லை, தொழுகை கூடுமா என்று வயது முதிர்ந்தோர் ஆலிம்களிடம் வந்து மெல்லிய குரலில் வினவுவது எல்லா மஹல்லாக்களிலும் நிகழ்வதே. மார்க்கத்தில் அவர்களுக்கு விடையுண்டு. இடைவிடாது சொட்டும் நோயுள்ளவர் சலுகைக்குரியவர். ஹனஃபீ மத்ஹபின்படி ஒவ்வொரு தொழுகை நேரத்திற்கும், ஷாஃபியீ மத்ஹபின்படி ஒவ்வொரு பர்ளான தொழுகைக்கும் புதிதாக ஒளுச் செய்து தொழுதுகொள்ளலாம். மஸ்அலாவைக் கேட்டவர் மனம் ஆறிச் சென்றுவிடுகின்றார். ஆனால் அந்த நோயை எந்த மருத்துவரிடம் காட்டினீர்கள் என்று நாம் திருப்பிக் கேட்டால், பெரும்பாலோர் தலை கவிழ்கின்றனர். வெட்கம் ஒருபுறம், எவரிடம் செல்வது என்னும் மயக்கம் மறுபுறம். தொழுகைக்குக் கிடைத்த சலுகையை, நோயை வளரவிடுவதற்குக் கிடைத்த அனுமதியாக அவர்கள் எண்ணிவிடுகின்றனர்.

இத்தகையோருக்காகவே இவ்வாரம் ஒரு பெரியாரின் வரலாற்றைச் சொல்ல விழைகின்றோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் நாட்டில் வாழ்ந்த அவர், மூத்திரப்பையில் விளையும் கல்லை அறுத்து எடுப்பதில் கைதேர்ந்தவர். உலகின் அறுவை மருத்துவத்திற்கே ஆசானாக விளங்கியவர். அதனினும் மேலாக, எந்த நோயாளியின்மீது கத்தியை வைக்கலாகாது என்பதையும் அறிந்தவர். அவர்தாம் அபுல் காசிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவீ (ரஹ்) அவர்கள்.

பிறந்த ஊரும் குலமும்

அந்தலுஸ் என்று அரபியர் அழைத்த ஸ்பெயினின் தலைநகர் குர்துபா. இன்று கார்டோவா என வழங்குவது அதுவே. அந்நகருக்கு மேற்கே ஏறத்தாழ ஐந்து மைல் தொலைவில், மலைச் சரிவில், கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் அந்நாசிர் அவர்கள் கி.பி. 936ஆம் ஆண்டில், ஹிஜ்ரி 325இல், புதிய அரச நகரமொன்றை எழுப்பத் தொடங்கினார். மதீனத்துஸ் ஸஹ்ரா என்பது அதன் பெயர். அந்நகரின் பெயரே நம் பெரியாரின் பெயரோடு இணைந்து அவரை ஸஹ்ராவீ ஆக்கியது. நகரம் எழத் தொடங்கிய அக்காலத்தை ஒட்டியே அவரும் பிறந்தார் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு.

அவர் பெயரோடு அன்சாரி என்னும் பட்டமும் சேர்ந்துள்ளது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை மதீனாவில் வரவேற்று, வீட்டையும் செல்வத்தையும் பகிர்ந்தளித்த அன்சாரித் தோழர்களின் வழித்தோன்றல் என்பதே அதன் பொருள். தஞ்சம் என வந்தவரைத் தாங்கிய குலத்தின் பேரர், வலியோடு வந்தவரைத் தாங்கும் தொழிலை மேற்கொண்டார் என்பதை எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கின்றது.

அவர் வளர்ந்த காலமோ அறிவின் பொற்காலம். கி.பி. 961 முதல் 976 வரை ஆட்சி புரிந்த கலீஃபா இரண்டாம் ஹகம் அவர்கள், நாடெங்கும் ஆள் அனுப்பி நூல்களைத் திரட்டியவர். அவருடைய நூலகத்தில் நான்கு இலட்சம் ஏடுகள் இருந்தன என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். கிரேக்க மருத்துவரான ஜாலினூஸ் எழுதிய உடற்கூற்று நூல்களும் அரபு மொழியில் கிடைத்த காலம் அது. அவற்றையெல்லாம் ஸஹ்ராவீ ஆழ்ந்து கற்றார். எனினும் ஏட்டோடு அவர் நிற்கவில்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தம் கைகளாலேயே நோயாளிகளுக்குப் பணி செய்து, கண்டவற்றையும் செய்தவற்றையும் தம் கல்விக்கு உரைகல்லாக்கினார்.

மருத்துவருக்கும் தேர்வு உண்டு

வாசகரே! இங்கே ஒரு செய்தியை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். மருத்துவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவனையெல்லாம் நம்பிவிடும்படி நம் மார்க்கம் நம்மை விட்டுவிடவில்லை. மருத்துவம் கற்றவர் என்று அறியப்படாத ஒருவர் சிகிச்சை செய்து, அதனால் தீங்கு விளைந்தால், அதற்கு அவரே ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்பது நபிமொழி வழியே வந்த சட்டம். அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய மூன்று தொகுப்புகளிலும் அது இடம்பெற்றுள்ளது.

அந்தலுஸ் மக்கள் பின்பற்றிய மாலிக்கீ மத்ஹபின் மூல நூலான முவத்தாவில் இன்னொரு செய்தி உண்டு. நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் ஒருவர் காயமுற்றார். அவரைப் பார்க்கப் பனூ அன்மார் கோத்திரத்தைச் சேர்ந்த இருவர் அழைக்கப்பட்டனர். அவ்விருவரில் மருத்துவத்தில் மேலானவர் எவர் என்று அண்ணலார் அவர்கள் விசாரித்தார்கள். சிந்தித்துப் பாருங்கள்! அருகில் இருப்பவர் எவர், முதலில் வந்தவர் எவர், குறைந்த கூலி கேட்பவர் எவர் என்று அண்ணலார் கேட்கவில்லை. மேலானவர் எவர் என்றே கேட்டார்கள். நோயை இறக்கிய இறைவனே மருந்தையும் இறக்கினான் என்று தவக்குலைக் கற்பித்த அதே அண்ணலார்தாம், சிறந்தவரைத் தேடும் வழியையும் கற்பித்தார்கள்.

இந்த வழியில்தான் பக்தாதிலும் ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. கி.பி. 931இல், ஹிஜ்ரி 319இல், மருத்துவர் ஒருவரின் பிழையால் ஒரு நோயாளி இறந்த செய்தி கலீஃபா முக்ததிரின் செவிக்கு எட்டியது. தலைமை மருத்துவர் சினான் இப்னு தாபித் அவர்களால் சோதிக்கப்பட்டு அனுமதி பெறாதவர் எவரும் மருத்துவம் செய்யலாகாது என்று அவர் ஆணையிட்டார். பக்தாத் நகரில் மட்டும் எண்ணூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் அத்தேர்வுக்கு வந்தனர் என்று மருத்துவர் வரலாறுகள் கூறுகின்றன. ஸஹ்ராவீ பிறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, நோயாளியின் உயிர் அரசின் பொறுப்பு என்னும் உணர்வு முஸ்லிம் உலகில் வேரூன்றியிருந்தது.

முப்பது பகுதிகள் கொண்ட பெருநூல்

ஸஹ்ராவீ (ரஹ்) அவர்கள் தம் வாழ்நாள் அனுபவத்தையெல்லாம் ஒரே நூலில் தொகுத்தார். அத்தஸ்ரீஃப் என்று சுருக்கமாக வழங்கும் அந்நூல் முப்பது பகுதிகளைக் கொண்டது, கி.பி. 1000ஐ ஒட்டி நிறைவுற்றது. நோய்களின் இலக்கணம், மருந்துகளின் சேர்க்கை, உணவு முறை என விரிந்து செல்லும் அதன் கடைசிப் பகுதியே அறுவை மருத்துவம் பற்றியது. அது மூன்று பிரிவாக அமைந்தது. முதலாவது சூடிட்டுக் குணப்படுத்தல். இரண்டாவது கத்தியால் அறுத்தலும் தைத்தலும். மூன்றாவது எலும்பு முறிவும் மூட்டு நழுவலும்.

அப்பகுதியில் ஏறத்தாழ இருநூறு கருவிகளின் உருவங்களை அவர் வரைந்து காட்டியுள்ளார். கத்தி, கொக்கி, இடுக்கி, ஊசி, துரப்பணம் என ஒவ்வொன்றும் எப்படி இருத்தல் வேண்டும், எதற்குப் பயன்படும் என்பதைக் கொல்லனும் பார்த்துச் செய்யக்கூடிய வகையில் விளக்கினார். மாணவர்களைத் தாம் பெற்ற பிள்ளைகளாகவே கருதி விளித்துப் பேசுவது அந்நூலின் தனிச் சிறப்பு. இரகசியமாக வைத்துப் பணம் பண்ணக்கூடிய வித்தையை, ஒன்றையும் மறைக்காது எழுதி வைத்துவிட்டுச் சென்றார் அப்பெருந்தகை.

அந்நூலின் முன்னுரையிலேயே அவர் ஒரு பெருங்குறையை எடுத்துரைக்கின்றார். தம் நாட்டில் கைதேர்ந்த அறுவை மருத்துவர் அருகிவிட்டனர். கலையே அழியும் நிலைக்கு வந்துவிட்டது என்பது அவர் வருத்தம். அதற்கு அவர் கண்ட காரணம், உடலின் அமைப்பை அறியாமலே கத்தியை எடுக்கும் துணிச்சல். நரம்பு எங்கே, தமனி எங்கே, எலும்பு எத்தனை, தசை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதை அறியாதவன் கையிலிருக்கும் கத்தி கொலைக் கருவியே என்பது அவர் உறுதியான முடிவு.

மூத்திரக் கல்லும் அவர் கைத்திறனும்

மூத்திரப்பையில் கல் விளைந்தவர் படும் வேதனையைக் கண்டவர் அறிவர். மயக்க மருந்தும் எக்ஸ்ரே படமும் இல்லாத அக்காலத்தில், கல் எங்கே இருக்கின்றது என்பதை மருத்துவரின் விரல்தான் காண வேண்டும். ஸஹ்ராவீ அதற்குரிய முறையைப் படிப்படியாக எழுதினார். முதலில் எனிமா கொடுத்து மலக்குடலைத் தூய்மை செய்தல். பின்னர் நோயாளியைக் குலுக்கியோ குதிக்கச் செய்தோ கல்லை மூத்திரப்பையின் கழுத்துக்கு இறங்கச் செய்தல். விரலால் அதனைத் தடவி உணர்ந்து நிலைநிறுத்தல். அதன் பின்னரே வெட்டுதல்.

வெட்டும் இடத்தையும் அவர் வரையறுத்தார். நடுக்கோட்டில் அன்று, இடப்புறமாகச் சாய்த்து வெட்ட வேண்டும். வெளிக்காயம் சற்று அகன்றும், உட்காயம் கல் வெளிவரும் அளவே குறுகியும் இருத்தல் வேண்டும். கல் பெரிதானால் காயத்தை அகற்றுவது பெரும் அறியாமை. அது தீராத சிறுநீர்க் கசிவில் கொண்டுபோய் விடும். ஆகவே இடுக்கியால் கல்லை உடைத்துத் துண்டு துண்டாக எடுத்தல் வேண்டும் என்பது அவர் காட்டிய நெறி. சிறுவர்க்கு இச்சிகிச்சை எளிது, முதியவர்க்கு மிகக் கடினம், இளைஞர்க்கு இடைப்பட்டது என்று வயதுக்கு வயது வேறுபாட்டையும் குறித்தார்.

சிறு கல் சிறுநீர்க் குழாயில் வந்து அடைத்துக்கொண்டால் அதற்கு வேறு வழி கண்டார். மூன்று பட்டையாகக் கூர்மை செய்த மெல்லிய எஃகுத் துரப்பணத்தை உள்ளே செலுத்திக் கல்லை மெல்ல மெல்லத் துளைத்து உடைத்தல். கல் பின்னோக்கிச் சென்றுவிடாதபடி முன்னரே நூலால் கட்டிவிடுதல். சிறுநீர் அடைபட்டுத் துடிப்பவர்க்கு, பறவை இறகின் தண்டு போல் மெல்லியதும் வழுவழுப்பானதும் உள்ளீடற்றதுமான வெள்ளிக் குழாயைச் செலுத்தி நீரை வெளியேற்றும் முறையையும் எழுதினார். இன்று கத்தீட்டர் என்று மருத்துவமனைகளில் வழங்கும் குழாயை அவரும் அதே பெயரின் அரபு வடிவத்தால், காஸாத்தீர் என்றே குறித்தார். இன்று கத்தியின்றிக் கருவியை உள்ளே செலுத்தி லேசர் கதிரால் கல்லைப் பொடி செய்கின்றனர். கருவி மாறியுள்ளது. உடலைக் குறைவாக வெட்டி, கல்லை உடைத்து எடுக்க வேண்டும் என்னும் எண்ணம் அன்றே அவரிடம் இருந்தது.

முடியாது என்று சொன்ன மருத்துவர்

வாசகரே! இனி நாம் சொல்லப் போவதே இவ்வரலாற்றின் உயிர்நாடி.

முதியவர் ஒருவருக்கு மூத்திரப்பையில் பெரிய கல் இருந்தது. அதனை எடுக்க ஸஹ்ராவீ அவர்களை அழைத்தனர். அவர் சென்று பார்த்தார். கல்லின் பருமனை ஆராய்ந்தார். முதியவரின் உடல் நிலையையும் எடை போட்டார். அறுத்தால் இம்மனிதர் பிழைக்கமாட்டார் என்ற முடிவுக்கு வந்து, கத்தியை எடுக்காமலே விலகினார். குர்துபாவில் அவரினும் கைதேர்ந்தவர் இல்லை. அவரே முடியாது என்றார்.

பின்னர் வேறொரு மருத்துவர் வந்தார். அவர் தயங்கவில்லை. துணிந்து அறுத்தார். கல்லும் வந்தது, ஆனால் அதனோடு மூத்திரப்பையின் ஒரு பகுதியும் பிய்ந்து வந்தது. ஏறத்தாழ மூன்றே நாட்களில் அம்முதியவர் இறந்துபோனார்.

இந்நிகழ்ச்சியை ஸஹ்ராவீ தம் நூலின் முன்னுரையில் எழுதி வைத்தார். இதனுடன் இன்னொன்றையும் எழுதினார். ஒரு பெண்மணியின் கழுத்தில் கட்டி இருந்தது. அறியாத மருத்துவர் ஒருவர் அதனைக் கீறப் போய்த் தமனிகளை வெட்டிவிட்டார். இரத்தம் பெருகி, அவர் கண் முன்னாலேயே அப்பெண் உயிர் நீத்தாள். இவற்றை அவர் பிறரைப் பழிப்பதற்காக எழுதவில்லை. அம்மருத்துவர்களின் பெயரைக்கூடக் குறிப்பிடவில்லை. தம் மாணவர்கள் அப்பாதையில் அடி வைத்துவிடக் கூடாதே என்னும் அச்சத்தால் எழுதினார்.

அறுவை சிகிச்சை இரு வகை, ஒன்று நலத்தோடு முடிவது, மற்றொன்று பெரும்பாலும் ஆபத்தில் முடிவது. இரண்டாவது வரும்போது ஆசையைவிட எச்சரிக்கை மிகுந்திருக்கட்டும் என்பது அவர் மாணவர்க்குத் தந்த அறிவுரையின் சாரம். பொருளாசைக்காக நிச்சயமில்லாத சிகிச்சையில் இறங்குவது மருத்துவனின் நற்பெயரை மட்டுமன்று, அவனுடைய தீனையும் பாழாக்கும் என்று அவர் கருதினார். அறுவை மருத்துவத்தை அவர் அமானிதமாகவே கண்டார்.

நம் வீடுகளில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். நன்கு கற்ற மருத்துவர் ஒருவர் பரிசோதித்து, இப்போது அறுக்க வேண்டாம், முதலில் சர்க்கரையைக் கட்டுப்படுத்துங்கள், இதயத்தைப் பாருங்கள் என்கிறார். உடனே நம்மவர்க்கு அவர்மீது நம்பிக்கை போய்விடுகின்றது. இவருக்குத் தெரியவில்லை என்று முடிவு கட்டி, நாளையே முடித்துத் தருகின்றேன் என்பவரைத் தேடி ஓடுகின்றோம். முடியும் என்று சொல்பவரே வல்லவர் என்று எண்ணுவது எத்துணைப் பெரிய பிழை என்பதற்கு அந்தக் குர்துபா முதியவரே சாட்சி.

பெண்களின் மானம் காத்த பெருந்தகை

பெண்களுக்கு மூத்திரக் கல் ஏற்படுவது அரிது எனினும், ஏற்பட்டால் சிகிச்சை மிகவும் கடினம் என்று அவர் எழுதினார். காரணங்களையும் நிரல்படுத்தினார். நோயாளி கன்னிப் பெண்ணாக இருக்கலாம். நாணமுள்ள பெண் அன்னிய ஆடவனிடம் தன் உடலைக் காட்ட இணங்கமாட்டாள். இக்கலையில் தேர்ந்த பெண் மருத்துவரோ கிடைப்பதில்லை. கல் இருக்கும் இடமும் ஆழமானது.

ஆயினும் அவர் அப்பெண்ணைக் கைவிடச் சொல்லவில்லை. கட்டாயம் நேர்ந்தால், தேர்ந்த பெண் மருத்துவரைத் தேடிக் கொணர்தல் வேண்டும். அவர் கிட்டாதபோது கற்பொழுக்கமுள்ள மருத்துவரை நாடலாம். அல்லது அனுபவமுள்ள மருத்துவச்சியை அருகில் வைத்துக்கொண்டு, இன்ன இடத்தைத் தொட்டுப் பார், இவ்வாறு செய் என்று மருத்துவர் சொல்லச் சொல்ல அவளைக் கொண்டு செய்விக்கலாம் என்று வழி வகுத்தார். ஹயாவும் காக்கப்பட்டது; உயிரும் காக்கப்பட்டது.

நம் ஃபிக்ஹு நூல்கள் கூறுவதும் இதுவே. பெண் மருத்துவர் கிடைக்கும்போது அவரே முற்படுத்தப்பட வேண்டியவர். கிடைக்காதபோது ஆண் மருத்துவர், தேவையான அளவுக்கு மட்டும், மஹ்ரமோ நம்பகமான பெண்ணோ உடனிருக்கப் பார்ப்பது கூடும். நிர்ப்பந்தம் தடையை நீக்குகின்றது. நிர்ப்பந்தத்தின் அளவே சலுகையின் அளவு. சிறுநீர் எரிச்சலையும் கசிவையும் ஆண்டுக்கணக்கில் மறைத்து வாடும் நம் தாய்மார்களுக்கு இதனை எடுத்துச் சொல்வது வீட்டு ஆண்களின் கடமையாகும்.

கத்னாவும் அவர் கருணையும்

கத்னா எனும் சுன்னத்தைப் பற்றியும் அவர் தனியே எழுதினார். பண்டைய கிரேக்க மருத்துவர்க்கு அது மார்க்க வழக்கம் இல்லையாதலால் அவர்கள் நூல்களில் அதற்கு வழிகாட்டல் இல்லை. தம் சொந்த அனுபவத்தாலேயே தாம் அறிந்ததாகக் குறிப்பிட்டார். அக்காலத்தில் பலரும் சவரக் கத்தியால் செய்துவந்தனர். நூலால் கட்டிவிட்டுக் கத்தரிக்கோலால் செய்வதே சிறந்தது என்று அவர் கண்டார். கத்தரிக்கோலைச் சிறுவன் பார்த்து அஞ்சிவிடாதபடி சட்டைக் கையிலோ காலடியிலோ மறைத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதினார். இருநூறு கருவிகளை வரைந்த அம்மேதைக்கு ஒரு சிறு பையனின் அச்சமும் பெரிதாகவே பட்டது.

நகரம் அழிந்தது, நூல் நிலைத்தது

கி.பி. 1009இல் அந்தலுஸில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1010இல் மதீனத்துஸ் ஸஹ்ரா சூறையாடப்பட்டது. 1013இல் குர்துபாவும் வீழ்ந்தது. அவ்வாண்டை ஒட்டியே ஸஹ்ராவீ அவர்களும் இறையடி சேர்ந்தார். அவர் பெயருக்குக் காரணமான நகரம் இடிபாடாயிற்று.

எனினும் அவர் நூல் அழியவில்லை. குர்துபாவில் பிறந்த பேரறிஞர் இப்னு ஹஸ்ம் அந்நூலைப் பெரிதும் பாராட்டினார். அவர் மாணவர் ஹுமைதீ, ஸஹ்ராவீ அவர்களைச் சிறப்பும் மார்க்கப் பற்றும் கல்வியும் உடையவர் என்று பதிவு செய்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் துலைத்துலா நகரில் கிரிமோனாவைச் சேர்ந்த ஜெரார்டு, அறுவைப் பகுதியை இலத்தீனில் பெயர்த்தார். அபுல்காசிஸ் என்ற பெயரில் ஐரோப்பியர் அவரைப் பயின்றனர். 1363இல் பெருநூல் எழுதிய பிரெஞ்சு அறுவை மருத்துவர் கீ தெ ஷோலியாக், அதில் இருநூறு முறைக்கும் மேல் ஸஹ்ராவீயை மேற்கோளாகக் கொண்டார். 1465இல் துருக்கி மருத்துவர் ஷரஃபுத்தீன் சாபூன்ஜி ஓக்லு எழுதிய அறுவை நூலுக்கும் அதுவே அடித்தளம். 1778இல் ஆக்ஸ்ஃபோர்டில் அரபு மூலமும் இலத்தீனும் சேர்த்து அச்சிடப்பட்டது.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

இவ்வரலாற்றைப் படித்துப் பெருமைப்பட்டு, ஏட்டை மடித்து வைத்துவிட்டால் பயனில்லை. ஐம்பதைக் கடந்த ஆடவர்களில் பலருக்குப் புராஸ்டேட் சுரப்பி பருப்பது இயல்பு. சிறுநீர் தடைபடுதல், இரவில் பன்முறை எழுதல், சொட்டுதல் ஆகியவை அதனால் வரலாம். அவற்றுக்கு மருந்தும் சிகிச்சையும் உண்டு. வலி இல்லாமல் ஒரே ஒரு முறை சிறுநீரில் இரத்தம் கண்டாலும் அதனை அலட்சியம் செய்தலாகாது. புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கலாம். கல்லோடு காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

அவ்வாறாயின் எவரிடம் செல்வது? ஸஹ்ராவீயின் வாழ்வே விடை கூறுகின்றது.

முதலாவது, கல்வி. உடற்கூற்றை அறியாதவன் கத்தி எடுக்கலாகாது என்றார் அவர். இன்று நம் நாட்டில் எம்.எஸ். பட்டத்திற்குப் பின் யூராலஜியில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றவரே சிறுநீர் உறுப்புகளின் அறுவை நிபுணர். நெஃப்ராலஜி நிபுணர் சிறுநீரகத்தை மருந்தால் பேணுபவர். கல்லுக்கும் அடைப்புக்கும் யூராலஜி நிபுணரே உரியவர். பெயர்ப் பலகையில் உள்ள பட்டத்தைப் படியுங்கள். மருத்துவ கவுன்சிலில் பதிவு உண்டா என அறியுங்கள். விளம்பரச் சுவரொட்டியை நம்பி, கல்லைக் கரைக்கும் இரகசிய மருந்து என்பவரிடம் ஏமாறாதீர்கள்.

இரண்டாவது, அனுபவம். ஐம்பது ஆண்டுக் கைப்பழக்கமே ஸஹ்ராவீயை உருவாக்கியது. உங்களுக்குச் செய்யவிருக்கும் அதே சிகிச்சையை இதற்கு முன் எத்தனை பேருக்குச் செய்துள்ளீர்கள் என்று மருத்துவரிடம் பணிவோடு கேளுங்கள். அஃது அவமரியாதை அன்று. நல்ல மருத்துவர் அக்கேள்வியை வரவேற்பார். அவரிடம் சிகிச்சை பெற்ற ஊர்க்காரரிடமும், உங்கள் குடும்ப மருத்துவரிடமும் விசாரியுங்கள்.

மூன்றாவது, அமானிதம். கத்தி தேவையா என்று முதலில் ஆராய்பவரைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து மில்லி மீட்டருக்கும் குறைந்த கற்களில் பெரும்பாலானவை தாமே வெளியேறிவிடும். அத்தகைய கல்லுக்குப் பொறுத்திருப்போம் என்பவர் உங்கள் நலம் நாடுபவர். ஆபத்தையும் செலவையும் மறைக்காது சொல்பவர், வேறொருவரிடமும் கருத்துக் கேட்டு வாருங்கள் என்பவர், ஸஹ்ராவீயின் வழியில் நிற்பவர். அவர் எந்தச் சமயத்தவராயினும் சரியே.

நான்காவது, அண்மை. இயன்றவரை உங்கள் ஊரிலோ அடுத்த நகரிலோ இருப்பவரை நாடுங்கள். அறுவைக்குப் பின் நள்ளிரவில் சிறுநீர் அடைத்துக்கொண்டால் ஓடிச் செல்லக்கூடிய தொலைவில் மருத்துவர் இருத்தல் வேண்டும். ஆயினும் அண்மைக்காகத் தகுதியை விட்டுக்கொடுத்தல் கூடாது. மேலானவர் எவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்ததை மறவாதீர்கள்.

இவ்வளவும் தவக்குலுக்கு முரணோ என்று சிலர் ஐயுறலாம். அன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பும் உம்மத் நாம். தேடுவது நம் கடமை. குணமளிப்பது அல்லாஹ்வின் அருள். நல்ல மருத்துவரைத் தேர்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லிப் படுக்கையில் சாய்ந்த பிறகு முடிவை அவனிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

ஆகவே, அன்பரே! அடுத்த முறை உங்கள் தந்தையார் இரவில் நான்கைந்து தடவை எழுந்து கழிவறைக்குச் செல்வதைக் கண்டால், வயதின் இயல்பு என்று திரும்பிப் படுத்துவிடாதீர்கள். விடிந்ததும் அவர் அருகில் அமர்ந்து, வாப்பா, உங்களுக்கு என்ன செய்கின்றது என்று கேளுங்கள். அவர் வெட்கத்தால் சொல்லத் தயங்கினால், குர்துபாவின் அந்த முதியவர் கதையையும், கத்தியை எடுக்காது திரும்பிய அந்தப் பெருந்தகையின் கதையையும் சொல்லுங்கள். பின்னர்க் கைப்பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல நாயன் பூரண ஷிஃபாவை அருள்வானாக! நம் இளைஞர்களிலிருந்து ஸஹ்ராவீயைப் போன்ற கல்வியும் கைத்திறனும் இறையச்சமும் உள்ள மருத்துவர்களை, பெண் மருத்துவர்களையும், தோன்றச் செய்வானாக! ஆமீன்.